அடுத்த பள்ளி: திங்கள், 22

பள்ளி விடுமுறை தொடங்கும் முதல் காலையில் புஷ்பவள்ளி தன் நாற்காலியைத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே போடுவார். மற்ற நாள்களில் அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி காவல் அறை வாசலில்தான் கிடக்கும். அன்றைக்கு மட்டும் சாலையோரத்தில், கால்வாயை ஒட்டி. மடியில் ஒரு பாக்கெட் பிஸ்கட், காலடியில் ஒரு ஃபிளாஸ்க் சூடான மைலோ. ஆறேகால் மணிக்கு உட்கார்ந்தால் ஏழரை வரை அசைய மாட்டார். பிறகு நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு வழக்கமான வேலையைப் பார்ப்பார். ஒன்பது வருடமாக ஒரு விடுமுறைகூட இது தவறியதில்லை.

எதிர்ப்பக்கம் காப்பிக்கடை வைத்திருக்கும் சீனர், பள்ளியே இல்லாத நாளில் ஜாகாவுக்கு, அதாவது காவல்காரிக்கு, வெளியே என்ன வேலை என்று முதல் வருடம் கேட்டார். யாராவது வருவார்கள் என்றார் புஷ்பவள்ளி. சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. அதற்குப் பிறகு அவர் கேட்பதில்லை.

யாராவது வராத விடுமுறை இருந்ததில்லை. சீருடை, புத்தகப்பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சரியாக இருக்கும். பள்ளி மட்டும் இருக்காது. ஒரு வருடம் ஒரு சிறுமி, பிறந்தநாள் என்று வகுப்புக்கே முப்பது மிட்டாய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். புஷ்பவள்ளி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, சாலையோரத்தில் நின்றபடியே வாழ்த்துப் பாடி அனுப்பி வைத்தார்.

புஷ்பவள்ளிக்கு ஐம்பத்து மூன்று வயது. நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே விடுமுறைக் கடிதம் என்று எதையும் அவர் பார்த்ததில்லை. காலையில் வாத்தியார் சைக்கிளில் லயத்து வீடுகளைக் கடந்தால் பள்ளி உண்டு, கடக்காவிட்டால் இல்லை. பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டு, பாலம் தாண்டி எதிரே இருக்கும் தீவுக்கு வந்து, பதினெட்டு வருடம் தொழிற்சாலையில் நின்றார். கணவர் போன பிறகு ஒரு காவல் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனம்தான் அவரை ஜார்ஜ் டவுனில் இந்தத் தமிழ்ப்பள்ளிக் கேட்டில் கொண்டுவந்து நிறுத்தியது. பிள்ளைகளுக்கு அவர் ‘ஜாகா ஆன்ட்டி’. இருநூற்று எட்டுப் பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். யாருடைய அப்பா எந்த மோட்டார் சைக்கிளில் வருவார், யார் வீட்டில் சண்டை நடந்த மறுநாள் அம்மா கொண்டுவந்து விடுவார் என்பது வரைக்கும் தெரியும்.

மகள் தனுஜா பட்டம் வாங்கியவள், அந்தக் குடும்பத்தில் முதல் ஆள். "கேட்ட பாத்துக்கத்தானே சம்பளம், கேட்டுக்கு வெளிய இருக்கறத எதுக்குப் பாக்குறீங்க?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். புஷ்பவள்ளி பேச்சை மாற்றினார். பதில் இருந்தது. மகளிடம் சொல்லத்தான் முடியவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த முதல் விடுமுறையில் நடந்தது அது. இரண்டாம் ஆண்டில் படித்த ஷர்மினி என்ற பிள்ளை தனியாக வந்து நின்றாள். கொண்டுவந்து விட்ட மாமா போய்விட்டார். ஆசிரியர் இல்லாத நாளில் மாணவர் யாரையும் உள்ளே விடக்கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. நிறுவனம் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி. புஷ்பவள்ளி புதிது. விதியைப் பிடித்துக்கொண்டார். கேட்டுக்கு உள்ளே அவர், வெளியே அந்தப் பிள்ளை. மழை பிடித்துக்கொண்டது. புஷ்பவள்ளி காவல் அறைக்குள் ஒதுங்கினார். பிள்ளை கேட்டை ஒட்டியிருந்த பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே நின்றபடி கம்பிகளுக்கு இடையே எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, உங்க நாக்காலி நனையுது" என்று சொன்னாள்.

இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மாமா திரும்பி வந்தார். அதற்குள் சாரலில் பிள்ளையின் சீருடை நனைந்திருந்தது. பிள்ளை கையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்த வருடக் கடைசியில் குடும்பம் தாசேக் கெலுகோருக்கு வீடு மாற்றிக்கொண்டது.

அடுத்த விடுமுறையிலிருந்து நாற்காலி வெளியே வந்தது. பிள்ளை உள்ளே வரக்கூடாது என்றுதான் விதி. ஜாகா வெளியே போகக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

இப்படியே போயிருக்கும். போன ஆகஸ்டு மாதத்தில் ஒரு புதன்கிழமை வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

பள்ளி தானாகத் தேர்ந்தெடுத்து விடும் ஒருநாள் விடுமுறை அது. அதற்கு ஈடாக அந்த வாரச் சனிக்கிழமை பள்ளி நடக்கும். கடிதம் மலாயில் போனது. கைப்பேசியில் பெற்றோரின் வகுப்புக் குழுக்களுக்குத் தமிழிலும் போனது. முழு விடுமுறை இல்லையே, அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும் என்று புஷ்பவள்ளியும் அன்றைக்கு நாற்காலியை உள்ளேயே விட்டுவிட்டார். பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். பத்துப் பேரின் பெற்றோர் வண்டியைத் திருப்பினார்கள். திருப்பும்போது அவரவருக்குத் தெரிந்த மொழியில் திட்டிவிட்டுப் போனார்கள். பதினோராவது பிள்ளை சிந்துஜா. இரண்டாம் ஆண்டு. அவளுடைய அம்மா காமினி தினமும் முனையில் மோட்டாரை நிறுத்தி இறக்கிவிட்டு, ஏழரை மணி ஷிப்டைப் பிடிக்கப் பாயான் லெப்பாஸுக்குப் பறப்பவள். கேட்டு வரைக்கும் வருவதில்லை. தொழிற்சாலைக்குள் கைப்பேசி லாக்கரில் இருக்கும். பன்னிரண்டு மணி வரைக்கும் அவளைப் பிடிக்க முடியாது.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஷர்மினி நின்ற அதே இடத்தில் சிந்துஜா நின்றாள். புஷ்பவள்ளி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சின்னக் கேட்டைத் திறந்து, பிள்ளையை உள்ளே கூட்டிவந்து, தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில் இருந்த முட்டையை அவளுக்குக் கொடுத்தார்.

சுற்றுப்பார்வைக்கு அன்றைக்கென்று காவல் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அர்ஜுனன் வந்து சேர்ந்தார். வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். அதனாலேயே அவர் சொன்னது கூடுதலாக உறைத்தது.

"அக்கா, நீங்க நல்லது செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரியாது. இன்னொரு தடவ பிள்ள உள்ள இருந்துச்சுன்னா, உங்கள கெப்பாலா பத்தாஸ் குடோனுக்கு மாத்திருவாங்க. லெட்டர்ல எழுதித்தான் ஆகணும்."

எச்சரிக்கைக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புஷ்பவள்ளி கணக்குப் போட்டார். செப்டம்பர் விடுமுறைக்கு இன்னும் ஆறு வாரம்கூட இல்லை. முதல் திங்கள் யாராவது வருவார்கள். அதில் சந்தேகமே இல்லை. மழை பெய்தால் கேட்டைத் திறக்காமல் இருக்கத் தன்னால் முடியாது. அதிலும் சந்தேகம் இல்லை. கெப்பாலா பத்தாஸில் அட்டைப்பெட்டிகளுக்குக் காவல் இருக்கலாம். அட்டைப்பெட்டிக்குப் பெயர் இருக்காது. குடோனுக்குப் போகாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது: அந்தத் திங்கள்கிழமை ஒரு பிள்ளைகூட வரக்கூடாது.

பன்னிரண்டேமுக்காலுக்குக் காமினி மூச்சிரைக்க வந்தாள். அரைநாள் போச்சு என்ற கோபம் ஒரு பக்கம், பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்ற நிம்மதி ஒரு பக்கம். குழுவில் செய்தி வந்ததே, பார்க்கவில்லையா என்று புஷ்பவள்ளி மெதுவாகக் கேட்டார். கேட்டிருக்கக்கூடாது.

"பாத்தேங்க்கா. பாத்துட்டுத்தான் அனுப்புனேன். எனக்குத் தமிழ் தெரியாதுன்னு நெனச்சீங்களா? இந்தாங்க, நீங்களே படிங்க. சத்தமா படிங்க."

நூற்று நாற்பது செய்திகளுக்கு நடுவில், பிறந்தநாள் கேக் படத்துக்கும் தொலைந்துபோன தொப்பியின் படத்துக்கும் இடையில் அது இருந்தது. புஷ்பவள்ளி படித்தார்: ‘புதன்கிழமை விடுமுறைக்குப் பதிலாகச் சனிக்கிழமை.’

"இதுல புதன் லீவுன்னு எங்க இருக்கு? புதன் லீவுக்குப் பதிலா சனி. அப்ப சனிதானே லீவு?"

"சனி எப்பவுமே லீவுதானே லா, காமினி."

"அதான் நானும் நெனச்சேன். ஸ்கூல்ல நம்மள ஏமாத்துறாங்கன்னு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு புஷ்பவள்ளி மறுபடி படித்தார். மூன்றாவது முறை படித்தபோது சிரிப்பு போய்விட்டது. காமினி சொன்னது சரி. அந்த வரியை இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம். தனக்குச் சரியாகப் புரிந்ததற்குக் காரணம் தமிழ் அறிவு இல்லை. கையில் வேலை அட்டவணை இருந்தது. மலாய்க் கடிதத்தில் இருந்த ‘கந்தி’ என்ற சொல்லுக்கும் ‘பதில்’ என்பதுதான் பொருள். அதிலும் இதே குழப்பம்தான். அதை யாரோ வாசிக்கக் கேட்ட ஒரு தகப்பனார், காந்தி பிறந்த நாளுக்கா லீவு விடுகிறார்கள் என்று காலையில் கேட்டுவிட்டுப் போயிருந்தார். பெற்றோர் படிப்பதில்லை என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பள்ளி ஒழுங்காகச் சொல்வதில்லை என்று பெற்றோர் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் அதே வரியைத்தான் கையில் வைத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை இருநூற்று எட்டுப் பேரில் அறுபத்தொரு பேர் வந்தார்கள். தலைமையாசிரியர் திருநாவுக்கரசு கேட்டருகில் வந்து நின்று வெற்றுச் சாலையைப் பார்த்தார். கடிதம் இரண்டு தடவை போனதே அக்கா, என்றார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு தடவை அனுப்பிய கடிதம் ஏன் போய்ச் சேரவில்லை என்று உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்கப் புஷ்பவள்ளி காதைத் தீட்டி வைத்துக்கொண்டார். ஒரு வண்டி கேட்டில் நிற்பது எட்டு விநாடி. அந்த எட்டு விநாடியில் பெற்றோர் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: நாளைக்கு ஸ்கூல் இருக்கா? முதல் பருவம் எந்தத் தேதி, இரண்டாம் பருவம் எந்தத் தேதி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இணையத்தில் தேடினால் ஏ பிரிவு, பி பிரிவு என்று மாநிலவாரியாக இரண்டு பட்டியல் வருகிறது. கெடா மாநிலத்தில் இருக்கும் யாரோ ஒருவரின் அக்கா ஏ பிரிவுத் தேதியை அனுப்பிவிடுகிறாள்; அங்கே வாரம் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடும். கேட்டில் நிற்கும் ஜாகாவைத்தான் தினமும் எல்லோரும் பார்க்கிறார்கள். தோட்டத்தில் வாத்தியார் சைக்கிள் போனதைப் பார்த்த மாதிரி.

சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் வாங்கும் இடத்தில் ஒரு மீன்பெட்டியின் வெள்ளை மூடியைக் கேட்டு வாங்கினார். மூன்று தடவை கழுவினார். ஒரு பக்கம் பச்சையில் ‘நாளை பள்ளி உண்டு’, மறுபக்கம் சிவப்பில் ‘நாளை பள்ளி இல்லை’. பதில், ஈடு, கந்தி, விடுமுறை எதுவும் கிடையாது. திங்கள் முதல் வியாழன் வரை பச்சைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். புஷ்பவள்ளிக்கு நடையே மாறிவிட்டது.

வெள்ளிக்கிழமை சிவப்புப் பக்கத்தைத் திருப்பினார். சிந்துஜா நின்று, படித்து, யோசித்தாள்.

"ஆன்ட்டி, நாளைக்குச் சனிக்கிழம. நாளைக்கு எப்பவுமே இல்லதானே."

புஷ்பவள்ளி மூடியைக் கீழே இறக்கினார். விடுமுறை தொடங்குவதே வெள்ளிக்கு அப்புறம்தான். அந்த வெள்ளியும் எல்லா வெள்ளியும் போலச் சிவப்புதான் காட்டும். திங்கள் காலையில் எல்லோரும் வந்து நிற்பார்கள். எந்த நாளுக்காக இத்தனை பாடுபட்டாரோ அந்த நாளில் அட்டை வாய்மூடி நிற்கும். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது தனக்கு ஏன் தெரியவில்லை என்று அன்று முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே யோசனை. குளிக்கும்போது, துணி காயப்போடும்போது எல்லாம் வரிகளை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். ஞாயிறு மத்தியானம் அவர் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, நாளைக்கு என்ன கிழமை என்று எதற்கோ தனுஜா கேட்டாள். திங்கள், எனக்குப் பள்ளி உண்டு என்று சொல்ல வாயெடுத்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார். எல்லோரும் பள்ளி இல்லாத நாளைப் பற்றியே எழுதுகிறார்கள். எப்போது தொடக்கம், எப்போது முடிவு, எதற்குப் பதில் எது. இல்லாத நாளை எதற்கு எழுத வேண்டும்? இருக்கிற நாளை, அதுவும் அடுத்து வரும் ஒரே ஒரு நாளை, எழுதினால் போதாதா?

திங்கள் காலையில் மூடியைச் சுரண்டி வெள்ளையாக்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனார். உச்சியில் ஒரே வரி மட்டும் பெரிதாக இருந்தது: ‘அடுத்த பள்ளி’. கீழே வெறும் இடம்.

திருநாவுக்கரசு மூக்கைச் சுருக்கினார். "இது ஸ்கூல் கேட்டு அக்கா. மார்க்கெட் இல்ல."

"கழுவிட்டேன் சார்."

அவர் தயங்கியது மீன் வாடைக்காக இல்லை. ஜாகா பிடித்த அட்டையில் தேதி தப்பாகப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். போன வருடம் கடிதம் போன பிறகு மேலிடத்தில் தேதியை மாற்றினார்கள். அந்த வலி அவருக்கு இன்னும் ஆறவில்லை. புஷ்பவள்ளி பேனாவை மேசையில் வைத்தார்.

"நீங்க எழுதுங்க சார். நான் பிடிக்கிறேன். மாறுச்சுன்னா நீங்களே அழிச்சு எழுதிடுவீங்க. கடுதாசிய அழிக்க முடியுமா?"

 தலைமையாசிரியர் பேனாவை எடுத்து ‘செவ்வாய்’ என்று எழுதினார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் ஆறரைக்கு அவரே வந்து எழுதினார். எழுதும்போது அவர் கை கொஞ்சம் நின்று நிதானித்ததைப் புஷ்பவள்ளி கவனித்தார். கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது அப்படி நின்றிருக்காது.

காலை பெற்றோருக்கு, மத்தியானம் பிள்ளைகளுக்கு. பள்ளி விடும்போது புஷ்பவள்ளி சின்னக் கேட்டின் கொக்கியில் கை வைத்துக்கொண்டு, "அடுத்த பள்ளி?" என்று கேட்பார். விடை சொன்னால்தான் கொக்கி விலகும். மூன்றே நாளில் அது விளையாட்டாகிவிட்டது. சொல்லத் தெரியாத பிள்ளையின் காதில் பின்னால் நிற்பவன் ஓதினான். சத்தம் காப்பிக்கடை வரைக்கும் கேட்டது. சீனர்கூட அடுத்த நாள் என்ன கிழமை என்று தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டார்.

முதல் சோதனை அந்த மாதக் கடைசியில் வந்தது. தேசிய தினம் ஞாயிற்றுக்கிழமை விழுந்ததால் திங்களும் விடுமுறை. வெள்ளியன்று அட்டை ‘செவ்வாய்’ என்றது. திங்கள் காலையில் புஷ்பவள்ளி நாற்காலியை வெளியே போட்டார். ஒரே ஒரு கார் வந்தது. பதினொன்று ஒன்றாகிவிட்டதே என்று வேறு யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்கள். புஷ்பவள்ளிக்கு அந்த ஒன்றுதான் உறுத்தியது. விசாரித்தால், அந்தப் பிள்ளைக்கு வெள்ளியன்று காய்ச்சல், பள்ளிக்கே வரவில்லை. அட்டையைப் பார்க்கவில்லை. அன்று மாலையே தலைமையாசிரியருக்குத் தகவல் சொன்னார். விடுமுறைக்கு முந்தைய நாள் வராத பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் வகுப்பாசிரியர் போன் போட வேண்டும் என்று முடிவானது. இருநூற்று எட்டுப் பேருக்குச் செய்தி அனுப்புவதைவிட ஆறு பேருக்குப் போன் போடுவது சுலபம் என்று ஆசிரியர்களுக்கே ஆச்சரியம்.

செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. திருநாவுக்கரசு அட்டையில் ‘திங்கள், 22’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். மத்தியானம் பிள்ளைகள் வரிசையில் ‘திங்கள்’ என்று கத்திக்கொண்டு வந்தார்கள். கொக்கி விலகவில்லை. "எந்தத் திங்க?" என்றார் புஷ்பவள்ளி. வரிசை அட்டையைத் திரும்பிப் பார்த்தது. பிறகு இருபத்திரண்டு என்ற குரல் வரிசையின் வால் வரைக்கும் ஓடியது. ஒவ்வொரு பிள்ளையும் நாளோடு எண்ணையும் சொன்ன பிறகே வெளியே போனது. கடைசிப் பிள்ளை போனபோது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

திங்கள் காலை. ஆறேகாலுக்கு நாற்காலி வெளியே வந்தது. மடியில் பிஸ்கட், காலடியில் மைலோ, சட்டைப் பையில் எச்சரிக்கைக் கடிதம். வானம் தெளிவாக இல்லை. ஆறரைக்கு ஒரு வேன் வேகம் குறைந்து, காப்பிக்கடைக்குத் திரும்பியது. ஆறு நாற்பதுக்குத் திருநாவுக்கரசு வந்தார். விடுமுறையில் அவருக்கு அங்கே வேலை இல்லை. மதிலில் சாய்ந்து நின்றார்.

ஆறு ஐம்பதுக்கு முனையில் ஒரு மோட்டார் தெரிந்தது. காமினியின் மோட்டார். புஷ்பவள்ளி எழுந்துவிட்டார்.  மோட்டார் முனையில் நிற்கவில்லை. நேராகக் கேட்டுப் பக்கம் வந்தது. பின்சீட்டு காலி. காமினி வேகத்தைக் குறைக்காமலே ஹாரனை இரண்டு தடவை அழுத்தி, தலைக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினாள்.

"திங்க இருபத்திரெண்டுக்கா. கேட்ட தொறங்க, நான் போறேன்."

புஷ்பவள்ளி கொக்கி விலக்குவது போலக் காற்றில் கையை அசைத்தார். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

ஏழு. ஏழு பத்து. ஏழு இருபது. சாலை காலியாகவே கிடந்தது. ஏழரைக்குத் தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒருத்தர்கூட வரல அக்கா" என்றார். சொன்னவரின் குரல், பரிசு வாங்கிய பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. வெறும் சாலையைப் பார்த்து இத்தனை பெருமைப்பட முடியுமா? புஷ்பவள்ளி பட்டார். மைலோவை ஃபிளாஸ்க்கின் இரண்டு மூடியில் ஊற்றினார், பிஸ்கட்டைப் பிரித்தார். சீனர் சாலையைக் கடந்து வந்து தானும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

இருபத்திரண்டாம் தேதி இருநூற்று ஆறு பேர் வந்தார்கள். மீதி இரண்டு பேருக்கு அம்மை. வீட்டிலிருந்து முன்கூட்டியே போன் வந்திருந்தது. அடுத்து நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் காமினி எழுந்து, குழுவில் வரும் செய்திகளிலும் முதல் வரி ‘அடுத்த பள்ளி’ என்றே இருக்க வேண்டும் என்று கேட்டாள். எதிர்க்க ஆள் இல்லை. அர்ஜுனன் சுற்றுக்கு வந்தபோது கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்து, வெற்றுச் சாலையைத் தவிர ஒன்றும் இல்லையே என்றார். அதுதான் விஷயம் என்றார் புஷ்பவள்ளி. கெப்பாலா பத்தாஸ் பேச்சு அதோடு நின்றது. மீன்பெட்டி மூடி விளிம்பு உடைந்துபோனதும் சங்கம் புதுப் பலகை வாங்கித் தருவதாகச் சொன்னது. புஷ்பவள்ளி மார்க்கெட்டில் இன்னொரு மூடியே வாங்கிக்கொண்டார்.

கூட்டத்தில் அவருக்கு ஒரு பொன்னாடை போட்டார்கள். அவரைப் பற்றித் திருநாவுக்கரசு பேசும்போது, இந்தக் கேட்டில் ஒரு பிள்ளையும் நின்று நனைந்ததில்லை என்று சொன்னார். கைதட்டல் எழுந்தது. புஷ்பவள்ளி கைதட்டவில்லை, குனிந்து பொன்னாடையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் மகளிடம் ஷர்மினியைப் பற்றிச் சொன்னார். முதல் தடவையாக. தனுஜா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினேழு நடக்கும். பள்ளிப் பழைய பதிவில் மாமாவின் எண் இருக்கிறது. தாசேக் கெலுகோர் என்ன கண்காணாத தேசத்திலா இருக்கிறது, பாலம் தாண்டினால் முக்கால் மணி நேரம், வாங்க போகலாம் என்றாள் மகள். போகலாம் என்றுதான் புஷ்பவள்ளியும் சொன்னார். போய் என்ன சொல்வது? அந்தப் பிள்ளைக்கு அது நினைவிருக்குமா? நினைவில்லாதவளிடம் மன்னிப்புக் கேட்டால் அது யாருக்காகக் கேட்பது?

மறுநாள் பள்ளிப் பதிவைப் பார்த்து அவர் சொன்ன எண்ணைத் தனுஜா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். எச்சரிக்கைக் கடிதம் இருந்த சட்டைப் பையில் இப்போது அது இருக்கிறது. ஆண்டிறுதி விடுமுறை தொடங்கிய முதல் காலையில் புஷ்பவள்ளி வழக்கம்போல நாற்காலியை வெளியே போட்டார். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். யாரும் வரவில்லை. ஏழு மணிக்குத் தூறல் விழுந்தது. பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே ஒதுங்கினார். எதிரே நாற்காலி நனைந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல இன்றைக்கு அங்கே யாரும் இல்லை. கைப்பேசியை எடுத்தார். எண்ணில் ஐந்து இலக்கம் வரைக்கும் அழுத்தினார். மழை வலுத்ததும், நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து மீதி எண்ணை அழுத்திக்கொள்ளலாம் என்று கைப்பேசியைப் பைக்குள் வைத்தார்.